காகிதக் காடும் கண்ணெதிர்க் காடும்

சென்ற நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடம் முழுவதும் பச்சைக் காகிதமாகக் கிடந்தது. நாலாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் 'மழைக்காடுகள்' பாடம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலைக்குள் தெர்மோகோல் அட்டையில் ஒரு மழைக்காடு செய்து கொண்டுபோக வேண்டும். மகன் வெளியூர் போயிருந்தான். மருமகளுக்குக் காய்ச்சல். ஆகவே கத்தரிக்கோலும் பசையும் என் கைக்கு வந்து சேர்ந்தன. முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் தண்டவாளம் போட்டவனுக்குத் தெர்மோகோல் வெட்டுவது ஒரு வேலையா என்று நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேத்திதான் மேற்பார்வை. "தாத்தா, நாலு அடுக்கு வரணும். எல்லாத்துக்கும் மேலே தலை நீட்டுற மரம், அதுக்குக் கீழே கூரை மாதிரி மரம், அதுக்குக் கீழே நிழல்ல வளர்ற செடி, கடைசியா தரை" என்று விரல் விட்டுச் சொன்னாள். மேல் அடுக்கில் மக்கா கிளி, இரண்டாவதில் பெரிய மூக்கு டூக்கான், கிளையில் ஜாகுவார், தரையில் அனகோண்டா. எல்லாம் படக்கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கியவை. ஒவ்வொன்றையும் இடம் மாறாமல் ஒட்டினாள். பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறாள் என்று எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஒட்டி முடித்ததும் சும்மா கேட்டேன். "இந்தக் காடு எங்கேம்மா இருக்கு?"

"பிரேசில்ல தாத்தா."

"நம்ம ஊர்ல இல்லையா?"

"நம்ம ஊர்ல ஃபாரஸ்ட்தான் இருக்கு. ரெயின்ஃபாரஸ்ட் இல்லை."

கௌஹாத்தியில் பிறந்து, கௌஹாத்தியில் வளரும் குழந்தை சொன்ன பதில் இது. வருடத்தில் பாதி நாள் குடையோடு பள்ளிக்குப் போகிற குழந்தை. வீட்டிலிருந்து சுமார் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஜோர்ஹாட் மாவட்டத்தில் மரியானி சந்திப்புக்குப் பக்கத்திலேயே ஒரு மழைக்காடு இருக்கிறது. ஹோலாங்காபார் என்று பெயர். அதன் நடுவே ரயில் ஓடுகிறது. அந்த வட்டாரத்தில் தாத்தா வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமேசானைப் பற்றிக் குழந்தைகள் படிக்கக் கூடாது என்பது என் கட்சி அல்ல. ஒன்பது நாடுகளில் பரந்து கிடக்கும், உலகத்திலேயே பெரிய மழைக்காடு அது. அதைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பது? நான் கேட்பதெல்லாம், கண்ணுக்கு எட்டாத காட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிற பாடம் பாடமாகுமா என்பதுதான்.

பேத்தியின் மாதிரியில் 'கூரை' என்று எழுதிய அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அது பச்சைக் காகிதம். ஹோலாங்காபாரில் அதன் பொருளே வேறு. அங்கே மேல் அடுக்கில் ஓங்கி நிற்பது ஹோலாங் மரம். அஸ்ஸாமின் மாநில மரமே அதுதான். நடு அடுக்கில் நாஹோர் மரம். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் சிறுநாகப்பூ என்று கேட்டு வாங்குகிறோமே, அது தருவது இந்த மரம்தான். கீழே பசுமை மாறாத புதர்கள். பாடப்புத்தகம் சொல்லும் அடுக்குகள் அத்தனையும் அண்ணாந்து பார்த்தால் தெரிகின்றன. அந்தக் கூரையில்தான் இந்தியாவின் ஒரே வாலில்லாக் குரங்கான ஹூலாக் கிப்பன் குடியிருக்கிறது. அஸ்ஸாமியர்கள் 'ஹோலோ பாந்தர்' என்பார்கள். ஆண் கறுப்பு, வளர்ந்த பெண் வெளிர்பழுப்பு. ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகச் சிறு குடும்பமாக வாழும். காலையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குரல் கொடுத்தால் காடே அதிரும். தின்பது, தூங்குவது, குட்டி வளர்ப்பது எல்லாம் மேலேதான். தரையில் கால் வைப்பது மிக அபூர்வம்.

இந்தக் காடு 1881-லேயே ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1997-இல் சரணாலயம் ஆனது. பரப்பளவு சுமார் 21 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் கிராமங்களும். காடு ஒரு தீவு மாதிரி நிற்கிறது. அந்தத் தீவையும் இரண்டாகப் பிளந்துகொண்டு சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு ரயில்பாதை போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பாதை. பாதைக்கு மேலே கிளையும் கிளையும் தொடாத இடைவெளி. தரையில் இறங்காத விலங்குக்கு அந்த இடைவெளி ஒரு கடல். சிறிய துண்டில் இருக்கும் கிப்பன் குடும்பங்கள் பெரிய துண்டில் உள்ளவற்றோடு கலக்க வழியில்லாமல் போயிற்று.

டிசம்பர் விடுமுறையில் பேத்தியை அங்கே அழைத்துப் போனேன். ஓய்வு பெற்ற ஊழியருக்கு ரயில்வே கொடுக்கும் பாஸ் வேறு எதற்கு இருக்கிறது? காலை ஏழு மணிக்கு வனக்காவலர் ஒருவரோடு நடந்தோம். குரல்தான் முதலில் கேட்டது. பிறகு ஒரு கறுப்பு உருவம் இரண்டு கைகளால் கிளை மாற்றிக் கிளை பற்றி ஊஞ்சலாடிப் போவதைக் கண்டாள். வாயைத் திறந்தவள் மூடவில்லை. அது பாதையோரம் வரை வந்தது, ஒரு கிளையில் தொங்கியபடி எதிர்ப்பக்கத்தைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

"ஏன் தாத்தா அந்தப் பக்கம் போகலை?"

"கிளை எட்டலைம்மா."

"கிளையை யார் வெட்டினா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் திருச்சிப் பக்கத்துக்காரன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து 1981-இல் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தேன். அப்போது அகலப் பாதை நியூ பொங்காய்காவ்ன் வரைதான். அங்கே இறங்கி மீட்டர் கேஜ் வண்டி மாறித்தான் கௌஹாத்தி வர வேண்டும். மேல் அஸ்ஸாமில் வேறொரு காட்டுப் பகுதியில், அதன் பெயர் இங்கே வேண்டாம், பாதை பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. டிராலியில் உட்கார்ந்து காலையில் பாதை பார்த்துப் போகும்போது தலைக்கு மேலே சில இடங்களில் இரண்டு பக்கத்து மரங்களும் கைகோத்தபடி நிற்கும். மழைக்காலத்துக்கு முன்பு கேங்மேன்களை அனுப்பி அவற்றை வெட்டச் சொல்வேன். காற்றில் கிளை முறிந்து பாதையில் விழுந்தால் வண்டி கவிழும். டிரைவருக்குச் சிக்னல் மறையும். அது என் வேலை. சரியாகத்தான் செய்தேன். இன்று கேட்டாலும் பயணிகளின் உயிர்தான் முதலில் என்பேன். ஆனால் எந்தக் கிளையை வெட்டியே ஆக வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்று ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. அந்தக் கிளைகள் யாருக்கோ பாலமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் படித்த பள்ளியிலும் இல்லை, பாலிடெக்னிக்கிலும் இல்லை.

கிளையோடு போயிற்றா? அந்தக் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் சிலீப்பர் கட்டை மரத்தால் ஆனது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். மழையிலும் கறையானிலும் உளுத்துப்போனதைக் கழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருப்போம். கான்கிரீட் கட்டை வந்த பிறகுதான் அந்தத் தீனி நின்றது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுத் தேவைகளுக்கானது நீங்கலாக, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வெட்டுமரம் வெளிமாநிலங்களுக்குப் போவதைத் தடை செய்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது, 'பிழைப்புப் போயிற்று' என்று மரத் தொழிலில் இருந்தவர்கள் தலையில் கை வைத்ததையும் பார்த்தேன். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான்.

இதையெல்லாம் பேத்தியிடம் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, "நீ வெட்டினப்போ உனக்குத் தெரியாதுல்ல தாத்தா" என்றாள். தெரியாதுதான். அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். பேத்தியின் அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: 'அமேசான் பூமியின் நுரையீரல். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தருகிறது.' இதை நானும் பல இடங்களில் படித்திருக்கிறேன். ஆனால் விஞ்ஞானிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. வரவு-செலவு போட்டுப் பார்த்தால் நமக்கே புரியும். இலைகள் ஆக்சிஜனை வெளிவிடுவது உண்மை. ஆனால் அந்த மரங்களும் சுவாசிக்கின்றன. உதிர்ந்த இலையையும் விழுந்த மரத்தையும் மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன. வரவு முழுவதும் வீட்டிலேயே செலவாகிவிடுகிறது. கையிருப்பு ஏறக்குறைய பூஜ்யம்.

அப்படியானால் மழைக்காட்டுக்கு என்ன பெருமை? அதன் பெயரிலேயே இருக்கிறது, மழை. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை ஆவியாக மேலே அனுப்புகிறது. அது மறுபடி மேகமாகி மழையாகிறது. அமேசான் தனக்கு வேண்டிய மழையில் பெரும்பங்கைத் தானே இப்படிச் சுழற்றிக்கொள்கிறது. அடுத்தது கரி. நூற்றாண்டுகளாக மரத்தில் சேர்ந்த கரியை எரித்தால் அத்தனையும் காற்றில் கலக்கும். மூன்றாவது மண். பெரும்பாலான மழைக்காடுகளில் மண் அப்படியொன்றும் வளமானதல்ல; சத்தெல்லாம் மரத்திலும் மட்கும் இலையிலும் இருக்கிறது. மரம் போனால் நாலு மழையில் மேல்மண்ணும் போய்விடும். பாதை போட்டவன் என்ற முறையில் இந்த மூன்றாவது விஷயம் எனக்கு அனுபவப் பாடம். சரிவைத் தாங்குவது சுவர் மட்டும் அல்ல, வேரும் வடிகாலும்தான். 2022 மே மாதம் திமா ஹசாவ் மலையில் கொட்டிய மழையில் நியூ ஹாஃப்லாங் ரயில் நிலையத்தையே சேறு மூடியதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒரு நிலச்சரிவுக்குப் பல காரணங்கள் சேரும்; ஒன்றை மட்டும் கை காட்டக் கூடாது. ஆனால் மழையும் மலையும் மரமும் ஒரே கணக்கின் மூன்று வரிகள் என்பதைக் குழந்தை அன்றே புரிந்துகொண்டிருக்கலாம். 'நுரையீரல்' என்று மனப்பாடம் செய்த குழந்தைக்கு இது எப்படித் தெரியும்?

பாடத்தின் கடைசிப் பக்கத்தில் 'மரங்களைக் காப்போம்' என்று ஒரு வாசகமும், கோடரியோடு மீசைக்காரன் ஒருவன் படமும் இருந்தன. காட்டை வெட்டுகிறவன் எப்போதும் யாரோ ஒரு கெட்டவன்! உண்மையில் காட்டை வெட்டியவர்கள் யார்? ரயில் கேட்ட நாம். பிளைவுட் கட்டில் கேட்ட நாம். காலையில் டம்ளர் நிறைய அஸ்ஸாம் டீ கேட்கிற நாம். ஹோலாங்காபாரைத் தீவாக்கியதில் தேயிலைத் தோட்டத்துக்கும் பங்கு உண்டு. அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற ஏழைத் தொழிலாளியை நாம் குற்றவாளியாக்க முடியுமா? இந்தச் சிக்கலைப் பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லலாம். குழந்தைகள் வீட்டில் பெரியவர்கள் போடும் சண்டையையே புரிந்துகொள்கிறார்கள், இதுவா புரியாது?

நம் சங்கத்து உறுப்பினர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அந்த அம்மாள் சிரித்தார். "சார், ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடத்தை முடிக்க இரண்டு வாரம். வெளியே கூட்டிப்போக அனுமதி, பேருந்து, பெற்றோர் கையெழுத்து. நீங்கள் ஒரு பேத்தியைப் பாஸில் கூட்டிப்போனீர்கள். நான் நாற்பது பேரை எப்படிக் கூட்டிப்போவேன்?" என்றார். "இன்னொன்று, சின்ன வயதிலேயே எல்லாம் அழிகிறது என்று சொன்னால் குழந்தை பயந்துபோகாதா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு என் பதில்: வெளியே போக முடியாவிட்டாலும் உள்ளூர்ப் பெயரைச் சொல்ல முடியுமே. மக்கா கிளிக்குப் பக்கத்தில் ஒரு ஹூலாக் படம் ஒட்ட எவ்வளவு செலவாகும்? பள்ளி வாசலில் நிற்கும் மரத்தின் பெயர் என்ன என்று கேட்க எந்தக் கையெழுத்தும் தேவையில்லை.

இரண்டாவதற்குத்தான் ஹோலாங்காபாரே பதில். அங்கே வெறும் அழிவுக் கதை இல்லை. முயற்சிக் கதையும் இருக்கிறது. 2015-இல் பாதைக்கு மேலே இரும்பில் ஒரு பாலம் கட்டிப் பார்த்தார்கள். கிப்பன் அதைச் சீண்டவில்லை. கிளையைப் பற்றித் தொங்கி வீசிப் போகிற பிராணிக்கு, நாம் நடந்து போகிற மாதிரி இரும்புப் பாலம் எதற்கு? இரண்டு பக்கமும் மரம் வளர்த்துக் கிளைகளைச் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. அந்தப் பாதையை மின்மயமாக்கும் திட்டமும் இரட்டைப் பாதைத் திட்டமும் எழுந்த பிறகு, டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் யோசனைப்படி கயிற்றுப் பாலங்கள் அமைக்கும் பேச்சு வந்திருக்கிறது. நம் வால்பாறையில் சாலைக்கு மேலே தொங்கவிட்ட பாலங்களில் சோலைமந்திகள் போய் வருகின்றன. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஆனைமலைப் பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம். ஒரு முறை தோற்றது, ஏன் தோற்றது, அடுத்து எதை மாற்றினார்கள் என்று சொல்லுங்கள். குழந்தை பயப்படாது, 'நான் ஒரு பாலம் வரைகிறேன்' என்று பென்சிலை எடுக்கும். பேத்தி எடுத்தாள். அவள் வரைந்த பாலத்தில் ஊஞ்சல் வளையங்கள் தொங்கின. என்ஜினியராக எனக்கு அதில் இரண்டு ஆட்சேபணைகள் உண்டு. ஆனால் கிப்பனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்து வரைந்திருந்தாள். அந்த யோசனை எனக்கு வர நாற்பது வருடம் ஆயிற்று.

கடைசியாக, நமக்கே நமக்கான ஒரு விஷயம். வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நாம், 'சொந்த ஊர்' என்று ஒன்றை அவர்களுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதை அவர்கள் வருடத்துக்குப் பதினைந்து நாள் பார்க்கிறார்கள். கல்யாண மண்டபமும் கோயிலும் பாட்டி வீடும்தான் அவர்கள் கண்ட தமிழ்நாடு. மீதி முந்நூற்றைம்பது நாள் வாழ்கிற மண்ணை, 'நமக்கென்ன, மாற்றல் வந்தால் போகப்போகிறோம்' என்று நாமே அந்நியமாக வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடமோ பிரேசிலைக் காட்டுகிறது. முடிவில் அந்தக் குழந்தைக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு காடும் இல்லை, ஒரு ஆறும் இல்லை, ஒரு மரமும் இல்லை. தன்னுடையது என்று எதையும் நினைக்காதவன் எதைக் காப்பாற்றப் போகிறான்? நான் கிளையை வெட்டச் சொன்னது கெட்ட எண்ணத்தால் அல்ல. அது என் காடு என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பொங்கல் விழாவில் நடக்கும் சிறுவர் ஓவியப் போட்டிக்கு அடுத்த முறை 'எங்கள் ஊர் மரம்' என்று தலைப்புக் கொடுங்கள். படத்தோடு அந்த மரத்தின் அஸ்ஸாமியப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் குழந்தை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை குளிர்காலத்தில் ஒரு முறை ஹோலாங்காபாருக்கு அழைத்துப் போவோம். பெற்றோர் நாலு பேர் கூட வந்தால் போதும். வண்டி நேரம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ரயில்வேக்காரனுக்கு இதில் அனுபவம் உண்டு. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். இலையையும் பொட்டலத்தையும் திரும்ப எடுத்து வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தெர்மோகோல் மாதிரிக்குப் பேத்திக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. இப்போது அது அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறது. டூக்கானின் மூக்கு விழுந்துவிட்டது. பள்ளியிலிருந்து வந்ததும் அவள் என்னிடம் கேட்பது வேறு: "தாத்தா, அந்தப் பாலம் கட்டிட்டாங்களா?"

தினமும் கேட்கிறாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.